யானைக்குட்டியின் அகலம்

நீதான் கலந்தாய். எந்த ஊரில் உட்கார்ந்து இந்தப் படம் வரையும் மென்பொருளை எழுதினாயோ, உன் பேர் என்ன, நீ ஒருத்தனா நூறு பேரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் பஸ் ஏறி வந்து உன் வாசலில் நின்று கத்தியிருப்பேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த யானைக்குட்டி எத்தனை மில்லிமீட்டர் அகலம்? எண்பத்து நாலு. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம் அல்லவா? நீயோ, இது பழைய பதிப்பில் வரைந்த படமாக்கும், அப்போதெல்லாம் அங்குலத்துக்கு 90 புள்ளி, இப்போது 96, அதனால் அளவில் ஏதாவது கோளாறு வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, அதற்கும் அடுத்த வரியில் 84 என்கிறாய். என் ஷெல் ஸ்கிரிப்ட் என்ன மனுசனா, புலம்பல் எது பதில் எது என்று பிரித்துப் பார்க்க? மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் உத்தரவுகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் தானே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும், அதுதான் ஸ்கிரிப்ட், நானே எழுதியது, எட்டாம் வகுப்பு பெயிலான நாச்சிமுத்து எழுதியது. உன்னைக் கூப்பிட்டு அகலம் கேட்கும், சொன்னதை வாங்கிக்கொள்ளும், மூணு மாசக் குழந்தைக்கு இத்தனை, ஆறு மாசத்துக்கு இத்தனை என்று படத்தைச் சுருக்கியோ பெருக்கியோ பிலிம் ஷீட்டில் அடுக்கும். கண்ணில் பட்ட முதல் எண்ணை அது எடுத்துக்கொண்டது. தொண்ணூறு. எண்பத்து நாலு யானையைத் தொண்ணூறு என்று நம்பிச் சுருக்கியது, யானை இளைத்துப்போனது. நூற்றுநாலு வாத்தையும் தொண்ணூறு என்று நம்பிப் பெருக்கியது, வாத்து வீங்கிப்போனது. ரெண்டாயிரம் குழந்தைச் சட்டைக்கு ஸ்டிக்கர். யானை நெஞ்சுக்கு நடுவில் நிற்காமல் சின்னதாக ஓரத்தில் நின்றது, வாத்தின் வால் தையலுக்குள் போய் மடிந்தது. மொத்த சரக்கும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உன்னால். உன் வாயால். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாத உன் கெட்ட பழக்கத்தால்.

இப்போது திரையில் எண்கள் மட்டும் விழுகின்றன. மணி மூணே முக்கால் ஆகப்போகிறது. நானூற்றுப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விநாடி, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நீ தூங்கி எழுந்து, கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கி, அப்புறம்தான் சொல்கிறாய். 62. கொஞ்சம் நேரம். 118. கொஞ்சம் நேரம். 45. மூடாத குழாயிலிருந்து சொட்டுகிற மாதிரி. பதில் ஒரு கோப்புக்கும் புலம்பல் இன்னொரு கோப்புக்கும் போகும்படி மத்தியானம் மாற்றி எழுதினேன். அதுவரை தெரியாது எனக்கு, ரெண்டும் தனித்தனிக் குழாயில்தான் வருகிறது என்று. இல்லை, தெரியும். அதை அப்புறம் பார்க்கலாம். மை காய வைக்கிற ஓவனை அணைத்துவிட்டார்கள், ஆனாலும் சூடு போகவில்லை, தகரக் கூரை மேலேயிருந்து அழுத்துகிறது, மை வாசனை நாக்கில் இனிக்கிற மாதிரி இருக்கிறது. காய வைத்த பிலிம் ஷீட்டுகள் கொடியில் தொங்குகின்றன, ஃபேன் காத்துக்கு மெல்ல ஆடுகின்றன, யானைகள் நடக்கின்றன, வாத்துகள் அந்தரத்தில் நீந்துகின்றன, அவற்றுக்குப் பின்னால் ஒரு ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி என்னையே பார்க்கிறது. அந்த ஒட்டகச்சிவிங்கிதான் காட்டிக்கொடுத்தது. இன்று காலையில் அடித்தது அது. யாரும் அந்தப் படத்தைத் தொடவில்லை, படங்களைக் கவனித்துக்கொண்ட கோகிலவாணியை நான் துரத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அந்தக் கம்ப்யூட்டரில் என் கையைத் தவிர வேறு கை படவில்லை, ஆனாலும் ஒட்டகச்சிவிங்கி கர்ப்பமான மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. ஸ்டிக்கரைச் சட்டையில் சூடாக அழுத்துகிற ஃப்யூசிங் மெஷினில் நிற்கிற மயிலாத்தாக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் மொதலாளி, இதை ஆரு வந்து கெடுத்துட்டுப் போனாங்க? அந்தப் புள்ள போன எடத்துல இருந்தே கையை நீட்டுச்சாட்ட இருக்குது" என்றது. யூனிட்டில் இருக்கிற பதினொரு பேரும் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். அத்தனை குனிவு வழக்கமாக இருக்காது. ரெண்டு மணிக்குத் தெய்வசிகாமணி கூப்பிட்டார். அவினாசி ரோட்டில் என் மாதிரியே லேபிள் யூனிட் வைத்திருக்கிறவர், என்னைவிடப் பெரிய ஆள், ஆனாலும் ங்க போட்டுத்தான் பேசுவார். "ஏனுங்க நாச்சிமுத்து, உங்ககிட்ட இருந்த கோகிலவாணின்னு ஒரு புள்ள, நாலு மணிக்கு இங்க வருதுங்க வேலை கேட்டு. அது என்ற முன்னால உக்காந்திருக்கறப்பவே உங்களை மறுபடி கூப்புடறேன். மறைச்சுப் பேசற பழக்கம் எனக்கில்லீங்க. எடுக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தை போதும்." நான் பார்க்கலாமுங்க, யோசிச்சுச் சொல்றனுங்க, இப்பக் கொஞ்சம் வேலையா இருக்கறேன், சரக்கு விசயமா ஒரு ஆளு வேற வந்திருக்காரு என்று என்னென்னவோ சொன்னேன். யாரும் வரவில்லை. 77. 91. கொஞ்சம் நேரம்.

கோபம் எனக்கு முன்னால் நடந்து போகும், நான் பின்னால் போய்ச் சேருவேன், அப்படித்தான் எப்போதும். அன்றைக்கும் சரக்கு திரும்பி வந்த லாரி வாசலில் நிற்கிறது, நான் இன்னும் படியேறவில்லை, கோபம் உள்ளே போய் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் சமீபத்தில் திறந்த படங்களின் பட்டியலை எடுத்தேன். அறுபத்து மூணு படம். அளவு தப்பி வந்தது அத்தனையும் அதில் இருக்கிறது, தப்பாத படம் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் தம்பி வேலை செய்கிற இடம் எனக்குப் போட்டி யூனிட். ரெண்டையும் சேர்த்தேன், கணக்கு முடிந்தது, எனக்கு எப்போதும் கணக்கு சீக்கிரம் முடியும். "என்ன அம்மிணி, தம்பிக்குப் பொழப்பு வேணும்னு என்ற பொழப்புல மண்ணைப் போட்டயா?" பதினொரு பேர் முன்னால். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் நின்றிருப்பேன். "அண்ணா, படத்தை நான் மாத்துலீங்க. தப்பா வர்றது எதெதுன்னு பாக்கத்தான் ஒவ்வொண்ணா தொறந்தேன். பாருங்க, எல்லாத்தையும் தொண்ணூறுன்னு நெனச்சுக்கிட்டு அடிக்குதுங்ணா உங்க ஸ்கிரிப்ட்." சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினாள். பென்சிலில் எழுதியது, ஒவ்வொரு படத்தின் பேருக்கு நேராக உண்மையான அகலம். எல்லாப் பதிலும் அந்தத் தாளில் இருந்தது. இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். உங்க. உங்க ஸ்கிரிப்ட். ஆறு வருசமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நான் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிற ஸ்கிரிப்ட், டிசைனர் என்று கண்ணாடி போட்ட பையன்கள் வந்து என்னிடம் சம்பளம் பேசியபோது போங்கடா என்று சொல்ல வைத்த ஸ்கிரிப்ட், அதைப் போய் ஒரு பொட்டப்புள்ள, ஊரில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள், என்னிடமே மவுஸ் பிடிக்கக் கற்றவள், உங்க ஸ்கிரிப்ட் என்கிறாள். தாளைக் கசக்கி எறிந்தேன். போடி என்றேன். ஆமாம், டி போட்டுப் பேசினேன், அதுவரை என் வாழ்க்கையில் வேலைக்கு வந்த பொம்பளையை டி போட்டதில்லை. அதோடு விட்டேனா? சாயங்காலம் டீக்கடையில் நாலு யூனிட்காரர்கள் நிற்கும்போது, கை சுத்தமில்லாத புள்ள, ஜாக்கிரதை என்றேன். பாலைக் குடித்துக்கொண்டே சொன்னேன். பால் ஆடை உதட்டில் ஒட்டியிருந்தது, துடைத்துக்கொண்டேன், அது ஞாபகம் இருக்கிறது. ரெண்டு இடத்தில் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். தெய்வசிகாமணி மூணாவது. இதுவும் இல்லையென்றால் ஊருக்குப் போய்விடுவாள், அங்கே அப்பன் ஜெயித்துவிடுவான், கம்ப்யூட்டர் படிச்சுக் கிழிச்சுட்டு வந்துட்டயா என்பான். 84. யானை விழுந்தது. திரையில் எண்பத்து நாலு. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

தாள் என் முன்னால்தான் இருக்கிறது. மயிலாத்தாக்கா எடுத்து வைத்திருந்தது. மத்தியானம் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மேசைமேல் கொண்டுவந்து போட்டது. "கசக்கி எறிஞ்சீங்களே, நான் பொறுக்கியாந்து நம்ம மெசின்ல வெச்சு ஒரு அழுத்து அழுத்துனேன். நூத்தம்பது டிகிரி, பதினஞ்சு செகண்டு. பாருங்க, சுருக்கமே தெரியாது. மனுசருக்கும் ஒரு மெசின் இருந்தாத் தேவல." நான் முறைத்தேன். முறைத்தால் பயப்படுகிற ஆள் இல்லை அது. யானை 84, வாத்து 104, நரி 66. உருண்டை உருண்டையான எழுத்து. ஒவ்வொரு எண்ணாகத் திரையில் சொட்டச் சொட்ட, தாளில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன், விரல் வியர்த்துத் தாளில் ஒட்டுகிறது, எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன, கொடியில் யானைகள் ஆடுகின்றன, அப்பாவின் துண்டு வந்து என் கைமேல் விழுகிறது. அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் வாய் ஒன்று பேசும், துண்டுக்குள் விரல் ஒன்று பேசும். "இந்த மாட்டுக்கா? இந்தக் கெழட்டு மாட்டுக்கா? பல்லைப் பாருங்க, கொம்பைப் பாருங்க, சும்மா குடுத்தாலும் ஓட்டிக்கிட்டுப் போக ஆளு வேணுமே!" என்று ஊரைக் கூட்டுவார், அதே நேரம் துண்டுக்குள் எதிராளியின் நாலு விரலைப் பிடித்து ஒரு அமுக்கு. அதுதான் விலை. வாயில் வருவதெல்லாம் சுத்தி நிற்கிறவர்களுக்கு, விரலில் வருவதுதான் ஆளுக்கு. ரெண்டையும் ஒருநாளும் கலக்க மாட்டார். கலந்தால் தரகு செத்தது. நான் அவர் தொழிலுக்குப் போகவில்லை, காதர்பேட்டைச் சந்தையில், சின்னச் சின்னக் குறையுள்ள செகண்ட்ஸ் பனியனை மூட்டையாக விற்கப் போனேன். அங்கே துண்டு கிடையாது. வாங்க வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், என்னிடம் ஒரு விலை சொல்லிவிட்டுத் திரும்பித் தங்களுக்குள் அவர்கள் பாசையில் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பில்தான் இருந்தது என் பிழைப்பு. இந்தியும் மலையாளமும் நான் புத்தகம் வைத்துப் படித்தது இல்லை, முணுமுணுப்பாகவே படித்தேன். இதுக்கு மேல போகாதே, இவன் விட்டாலும் விடுவான், மழை வருது சீக்கிரம் முடி. முகத்தைப் பார்த்துச் சொன்ன பதிலை நான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன், முதுகைக் காட்டிச் சொன்னதை வைத்து மடக்குவேன். ஏமாந்து ஏமாந்து கற்றது. ஒரு முணுமுணுப்பும் எனக்குத் தெரியாமல் போகக் கூடாது. துண்டுக்குள் கை நெளிகிறது. அப்பாவின் கை காய்ப்பு பிடித்த கை, இது சின்னக் கை, பென்சில் கரி படிந்த விரல். எட்டு முறை அமுக்குகிறது, விட்டு நாலு முறை. எட்டு, நாலு. பொறுமையாக மறுபடியும் எட்டு, நாலு. என் வாய் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறது, பல்லைப் பாரு, கொம்பைப் பாரு, தம்பியைப் பாரு, சந்தையே என்னைச் சுத்தி நின்று பார்க்கிறது, நான் துண்டை உதறிவிட்டு அந்தக் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறேன், திருட்டுக்கை என்று. தலை சரிந்து விழித்தேன். 104. வாத்து.

ஸ்கிரிப்டில் பதினேழாவது வரி. சரி, பார்த்துவிடலாம். கை மத்தியானமே அதைத் திருத்திவிட்டது, மனசுதான் அப்போதிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதினாறாவது வரிவரை வருகிறேன், ஒரு எட்டு வைத்துப் பதினெட்டுக்குத் தாண்டிவிடுகிறேன், வாசலில் தூங்குகிற நாயைத் தாண்டுகிற மாதிரி. நீ கலந்தாய் என்று சொன்னேன் அல்லவா உன்னை. நீ கலக்கவில்லை. கேட்ட பதிலை ஒன்றாம் குழாயில் அனுப்பினாய், எச்சரிக்கையை ரெண்டாம் குழாயில் அனுப்பினாய், சுத்தமாகப் பிரித்து, சொல்லிவைத்த மாதிரி. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் முறை. நானும் அதைத் தெரிந்துதான், தெரிந்து வைத்திருந்ததால்தான், ஆறு வருசத்துக்கு முன் ஒரு ஞாயித்துக்கிழமை, பதினேழாவது வரியின் கடைசியில் நாலே நாலு குறியைச் சேர்த்தேன். 2>&1. ரெண்டாம் குழாயைத் திருப்பி ஒன்றாம் குழாயிலேயே கொட்டு என்று அர்த்தம். அதைச் சேர்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மெஷின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதைக்கூட நாச்சிமுத்து விடமாட்டான் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். காதர்பேட்டை புத்தி. ஆறு வருசம் நீ ஒன்றும் முணுமுணுக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு மாசத்துக்கு முன் உன் புதுப் பதிப்பை ஏற்றினேன், ஏற்றியதும் நான்தான், பழைய படங்களைக் கண்டதும் நீ வாயைத் திறந்தாய், அது உன் கடமை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னாய். அதே வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். பாருங்க. நான் ரெண்டு பேரையும் பார்க்கவில்லை. இப்போது ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லமாட்டேன், இந்த ஃபேனுக்குக்கூடக் கேட்கக் கூடாது. எண்கள் விழ விழ நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று, ஒரே ஒரு படமாவது தாளோடு ஒத்துப்போகாமல் இருக்கட்டும் என்று. அறுபத்து மூணில் ஒன்றை அவள் மாற்றியிருந்தால் போதும், நான் சொன்னது முழுப்பொய் ஆகாது, கொஞ்சம் நிஜம் இருந்துச்சுங்க என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன விலையை விட்டு ஒருமுறை இறங்கினால் அடுத்த ஆள் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான் என்று அப்பா சொல்லுவார், நான் இன்றுவரை இறங்கினதில்லை. ஐம்பத்தெட்டாவது படம், முயல். திரையில் 77. தாளில் 71. எழுந்து நின்றுவிட்டேன். சிக்கிட்டாள்! உடம்பெல்லாம் ஜில்லென்று ஒரு சுகம் ஓடியது, வெய்யிலில் நடந்து வந்து மோர் குடித்த மாதிரி, தொண்டையிலிருந்து வயிறுவரை. தாளை ஜன்னல் பக்கம் பிடித்தேன். கசக்கிய மடிப்பு ஒன்று அந்த எண்ணுக்கு நடுவில் ஓடுகிறது, மெஷின் அழுத்தியும் போகாத மடிப்பு, அதில் பென்சில் கோடு உதிர்ந்திருக்கிறது. மேல்கோடு போன ஏழு. அந்த மடிப்பும் நான் போட்டதுதான். எழுபத்தேழு. சுகம் வந்த வழியே திரும்பிப் போகவில்லை, அங்கேயே புளித்துப்போய் நின்றது. ஒரு பெண் திருடியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவள் திருடினாள் என்று நினைத்தபோது குளிர்ந்தேன். அன்றைக்குக் கத்தியதுகூட வெறும் கோபம், இது என்ன? இதற்கு என்ன பேர்? உன் புலம்பல் கோப்பைத் திறந்து பார்த்தேன், சும்மா, கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று. அறுபத்து நாலு வரி, தாளில் உள்ள அறுபத்து மூணும் இன்று காலை ஒட்டகச்சிவிங்கியும், அத்தனையும் ஒரே வரி, அங்குலத்துக்கு 90, பார்த்துக்கொள்ளுங்கள், அங்குலத்துக்கு 90, பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யார் பேரும் அதில் இல்லை.

சொட்டுவது நின்றுவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது, அறுபத்து மூணும் ஒத்துப்போனது, கர்சர் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது, அடுத்து என்ன என்கிற மாதிரி. மூணு ஐம்பத்தெட்டு. ஃபேன் சத்தம் இப்போது பெரிதாகக் கேட்கிறது. மயிலாத்தாக்கா மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறது, தாளையும் பார்க்கிறது, "என்னுங் மொதலாளி, கணக்கு சரியா வந்துருச்சுங்ளா?" என்கிறது, நான் தாளை நேராக்கி வைக்கிறேன், "வந்துருச்சாட்ட இருக்குது, மூஞ்சியே சொல்லுது" என்று தானே முடித்துக்கொள்கிறது. அவினாசி ரோட்டில் இந்நேரம் கோகிலவாணி பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருப்பாள், மடியில் பை, பையின் மேல் கை, தெய்வசிகாமணி மேசையில் போனை எடுத்து என் பேரைத் தேடிக்கொண்டிருப்பார், அவள் அதைப் பார்ப்பாள், என் பேர் என்று தெரியும், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியும், அதுதான் பயம். அது வந்துங்க, என்ன ஆச்சுன்னாங்க, நான் ஒரு கோபத்துலங்க, மென்பொருள்ல ஒரு கோளாறுங்க, புதுப் பதிப்புங்க, எவனோ எழுதினதுங்க, புள்ள நல்ல புள்ளதான், ஆனாக் கொஞ்சம், நீங்களே பார்த்து, அப்படி இப்படி. ஒரு பாட்டம். கடைசியில் எங்கேயோ ஒரு ஓரத்தில் எடுத்துக்கலாமுங்க என்று சொல்லியிருப்பேன், அவர் அதற்குள் என் வாயிலிருந்து விழுந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருப்பார், கோபம், கோளாறு, ஆனா. அவள் பஸ் ஏறிவிடுவாள். போன் மேசையில் கிடந்து அதிர்கிறது. தெய்வசிகாமணி. நகர்ந்து நகர்ந்து தாளின் ஓரத்துக்கு வருகிறது. எங்கேயோ இருக்கிற அந்த மென்பொருள்காரனை விட்டுவிடு, அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும், அவன் பிரித்துத்தான் கொடுத்தான். ஒரு மணி நேரமாக நீ, நீ என்று யாரைத் திட்டினாயோ அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், மை படிந்த பனியனோடு, வியர்த்த கையோடு. நாச்சிமுத்து, நீதான் கலந்தாய். எடு. ஸ்பீக்கரைப் போடு, இந்தப் பதினொரு பேருக்கும் கேட்கட்டும், அங்கே நாற்காலியில் முதுகு சாயாமல் இருக்கிறவளுக்கும் கேட்கட்டும். முன்னால் ஒரு சொல் வேண்டாம், பின்னால் ஒரு சொல் வேண்டாம். தப்பு என்னுது, அந்தப் புள்ள சுத்தம். இவ்வளவுதான், ஒரே வரி. அதற்கு மேல் வருவதெல்லாம் ரெண்டாம் குழாய், அதை உனக்குள்ளேயே வைத்துக்கொள். அப்புறம் டீக்கடைக்குப் போ, அதே நாலு பேர் முன்னால் அதே வரியைச் சொல். மூணாவது தடவையாக அடிக்கிறது, நாலாவது. பன்னிரண்டு நாள் ஆச்சு. எடுடா. இப்பவாவது சரி பண்ணு.